இடப்பக்கத்து அடுப்பு

— கையை எடும் அண்ணாச்சி. இது ஞானஸ்நானப் புஸ்தகம். பல்லைப் பிடிச்சுப் பாக்கதுக்கு உம்ம மாட்டுச் சந்தையா இது?

— கோவிச்சுக்காதீங்க உபதேசியாரே. முப்பது வருசமா மாட்டுத் தரகு பண்ணுன கைங்க. தொட்டுப் பாக்காம எதையும் நம்பாது. சரி, நீங்களே பொரட்டுங்க. காளிச்சாமின்னு ஒரு பேரு வரும் பாருங்க. வராமப் போகாது.

— கொழுந்து பறிக்க மலை ஏறுனவன் எத்தனை ஆயிரம் பேருன்னு தெரியுமா உமக்கு? அதுல உம்ம ஆளு இந்தச் சித்திரபுரம் கோயில்லதான் தண்ணி ஊத்திக்கிட்டான்னு எதை வச்சுச் சொல்லுதீரு?

— மோப்பம் புடிச்சு வந்திருக்கறனுங்க. மொதல்ல கஞ்சிக்கோடு. ஒரு ஃபேக்டரி கேட்டுக்கு முன்னால டீக்கடை, அங்கொரு பெரியவரு. அவங்கய்யன் அந்தக் காலத்துல கங்காணிக்கு ஆள் புடிச்சுக் குடுத்தவராம். 'உங்க பக்கத்து ஆளுகளைக் கம்பம் வழியா ஏத்துனாங்க'ன்னாரு. நேரா கம்பம்மெட்டு. அங்க ஏலக்கா யாவாரம் பண்ணுற சுருளியம்மாள்னு ஒரு அம்மா. அது பேரம் பேசறதைப் பாத்தீங்கன்னா எங்க சந்தைத் தரகனெல்லாம் அழுதுபோட்டு ஊடு போய்ச் சேருவான். அரைக் கிலோ ஏலக்கா வாங்குனாத்தான் பழைய கதை சொல்லுவேன்னு சொல்லிருச்சு.

— வாங்குனீரா?

— ஒரு கிலோ வாங்கினேன். 'அந்தக் கூட்டம் இங்க நிக்கலை, பள்ளிவாசல் எஸ்டேட்டுக்குப் போயி வேதத்துல சேந்துருச்சு'ன்னு ஒரே ஒரு வரி சொல்லுச்சு. அந்த ஒரு வரிக்கு ஒரு கிலோ கொறைச்சலுங்க. அப்பறம் இங்க வந்து கல்லறைத் தோட்டத்துல மூணு நாளு. ஒவ்வொரு சிலுவையாப் படிச்சேன்.

— அது நீருதானா! கல்லறைக்குள்ள வெள்ளை வேட்டி நடமாடுதுன்னு லயத்து வீடுகள்ல பொம்பளைக ரெண்டு நாளாப் பயந்து கெடக்காளுக.

— நாலாவது வரிசைங்க. பாசி புடிச்ச ஒரு சிலுவை. வெரலு வெச்சுச் சொரண்டினேன். 'சூசையப்பன், கொழிஞ்சாம்பாறை.' எங்க ஊருப் பேரு! எங்கியோ மலை உச்சியில, தேயிலைக்கு நடுவால, ஒரு சிலுவை மேல எங்க ஊருப் பேரு! ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சுங்க. பத்து சோடிக் காளை ஒரே நாள்ல கைமாறுனாக்கூட அப்படியொரு சந்தோசம் வராது. அங்கியே உக்காந்து ஒரு பாடு சிரிச்சேன்.

— கல்லறைல உக்காந்து சிரிச்சீராக்கும். பொம்பளைக பயந்ததுல தப்பே இல்ல.

— உபதேசியார் அண்ணே, ஆள் விட்டீகளாமே? பூசை முடிஞ்ச காலோட அப்படியே வாரேன்.

— வா கத்தரீனா, உக்காரு. அண்ணாச்சி, வந்ததுமே கொழிஞ்சாம்பாறைன்னு சொன்னீருல்லா, அதான் ஆள் விட்டேன். நீரு சொரண்டுன சிலுவைக்கு மருமக இவதான். சூசையப்பன் மகன் சகாயத்துக்கு வாக்கப்பட்டவ. சகாயம் டீ ஃபேக்டரில பகல் ஷிப்ட்டு, வர முடியாது. கத்தரீனா, இவரு அப்புசாமி. பாலக்காட்டுக்குக் கிழக்கேயிருந்து வந்திருக்காரு. உம் மாமனாரு தனக்குச் சொந்தம்னு சொல்லுதாரு.

— கும்படறனுங்க சின்னம்மா.

— ஆத்தீ! தலை நரைச்ச மனுசன் என்னையப் பாத்து சின்னம்மாங்கிறாரு!

— நரைக்கும் மொறைக்கும் சம்மந்தமில்லீங்க. எங்கய்யனைப் பெத்தவரு எங்கப்பாரு. அவரும் உங்க மாமனாரும் கூடப் பொறந்தவங்க. உங்க மாமனாரு சின்னவரு. சின்னவரு கொடியில வந்தவங்களைத் தொட்டில்ல கெடந்தாலும் நாங்க சின்னய்யன், சின்னம்மான்னுதான் கூப்படோணும். எங்க கூட்டத்துல அதுதான் வளமை.

— அறுபத்தஞ்சு வருசமா எட்டிப் பாக்காத சொந்தம் இப்ப எதுக்கு மலை ஏறி வந்திருக்கு? ஏதாச்சும் நெலத்துப் பத்திரத்துல கைநாட்டு வேணுமா?

— நெலமா? இருந்ததுல பாதியைக் கவர்மெண்டுக்காரன் சங்கிலி போட்டு அளந்துட்டுப் போயிட்டானுங்க. எனக்கு வேண்டியது ஒரு தீக்குச்சி. அதை நீங்க கிழிக்கோணும்.

— தீக்குச்சியா? கத்தரீனா, இந்த ஆளு என்ட்ட இதைச் சொல்லவே இல்ல பாத்துக்கோ.

— இப்பச் சொல்றனுங்க. எங்க ஊர்ல காளியாத்தா கோயில் முன்னால ரெண்டு கல்லடுப்பு. அண்ணன் தம்பி ரெண்டு கொடிக்கு ரெண்டு அடுப்பு. மாசிப் பொங்கலுக்கு அந்தந்தக் கொடிக்கு வாக்கப்பட்டு வந்த மருமகதான் தீ வெக்கோணும். வலப்பக்கத்து அடுப்பு பெரியவரோடது. அதுல எங்கூட்டுக்காரி பூவாத்தாள் வருசந் தவறாமப் பொங்கறா. இடப்பக்கத்து அடுப்பு சின்னவரோடது. அது குளுந்து கெடக்குது. இப்பக் கோயிலைப் புதுசாக் கட்டி முடிச்சிருக்கறோம். ரெண்டு அடுப்பும் எரிஞ்சாத்தான் கதவைத் தொறக்கோணும்னு எங்க பதினாலு குடும்பமும் ஒத்தப் புடியா நிக்குது.

— பதினாலு குடும்பம் இருக்கீகள்ல? அதுல ஒருத்தி அந்தக் குளுந்த அடுப்புலயும் தீயை வச்சா என்ன கெட்டுப்போகுதாம்?

— அதுதான் ஆகாதுங்களே. ஒரு கொடிக்கு ஒரே அடுப்பு. பதினாலாப் பெருத்தாலும் நாப்பதாப் பெருத்தாலும் நாங்க ஒரே கொடி. ஒண்ணைப் பத்த வெச்ச கையி இன்னொண்ணைத் தொடப்படாது.

— மலைக்கு வந்தவரு சின்னவருதான்னு யாரு சொன்னா உங்களுக்கு?

— சொல்றதுக்கு யாரு இருந்தாங்க சின்னம்மா? அவரு போன மூணாவது வருசம் பேதி வந்து ஊரே பாதி காலி. எங்கப்பாரும் அப்பத்தாளும் ஒரே வாரத்துல போய்ச் சேந்துட்டாங்க. எங்கய்யனுக்கு அப்ப அஞ்சு வயசு. மாமன் ஊட்டுல வளந்து, கண்ணாலம் ஆகித்தான் ஊருக்குத் திரும்புனாரு. அவருக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம். அவங்கம்மா வலப்பக்கத்து அடுப்புல தீ வெச்சதைப் பாத்திருக்கறாரு. வலப்பக்கம் மூத்தவனுதுன்னு ஊருக்கே தெரியும். அப்ப ஊர்ல இருந்தவரு பெரியவரு, போனவரு சின்னவரு. இதுக்குப் போயி வக்கீலு வேணுங்களா?

— சரித்தான். நல்லாவே துப்புத் துலக்கியிருக்கீக.

— நக்கலாச் சொல்றாப்பல இருக்குதுங்க?

— இல்லையே. மேல சொல்லுங்க. ஒங்களுக்கு இதுல எதுக்கு இம்புட்டு வேகம்? பதினாலு குடும்பத்துல வேற யாருக்கும் காலு இல்லையா?

— பதினாலு குடும்பத்துக்கும் தலைக்கட்டு, மூத்த தலை, நாந்தானுங்க. கூட்டத்துல ஒருத்தன், 'அப்புசாமி மாட்டைத்தான் கண்டுபிடிப்பான், மனுசனைக் கண்டுபிடிப்பானா'ன்னு கேட்டுப்போட்டான். ரோசம் வந்துருச்சு. கற்பூரத்தை ஏத்தி, அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டேன். சின்னவரு கொடியைக் கொண்டாந்து நிறுத்துவேன், இல்லாட்டி வலப்பக்கத்து அடுப்பையும் தொட மாட்டேன், தலைக்கட்டும் எனக்கு வேண்டாம்னு. இந்த மாசிக்கு நீங்க வராட்டி, எங்கூட்டுல பொங்கறது வெறும் சோறுதானுங்க.

— நல்லா இருக்குவே கதை! கத்தரீனா, நீ பேசாத. சாமியாருக்குத் தெரிஞ்சா என் தலையில்லா உருளும்? மாதா சபைக்குத் தலைவி நீ. நீ போயி வேற கோயில்ல அடுப்பு மூட்டுததாவது!

— அண்ணே, நீங்க புஸ்தகத்தைப் பாருங்க. அடுப்பு என் பாடு. ஏங்க, நான் வாரேன்னே வைங்க. கழுத்துல ஜெபமாலை கெடக்கும். கழத்தச் சொல்லக்கூடாது.

— மணி போட்டா வேண்டாம்பாங்களா? எங்க பண்டாரமே ரெண்டு மாலை போட்டிருக்கறான்.

— தீ வைக்க முன்னாடி நெத்தியில சிலுவை போட்டுக்கிருவேன். என் வீட்டு அடுப்புக்கும் அப்படித்தான் செய்றேன்.

— அது உங்க கையி, உங்க நெத்தி. எங்க ஆத்தா அதையெல்லாம் கண்டுக்க மாட்டா. அப்பறம்?

— சோறு பொங்குவேன், எறக்கி வைப்பேன். விழுந்து கும்பிடச் சொன்னீகன்னா நான் பஸ் ஏறிருவேன்.

— நின்ன மேனிக்கு இருங்க, போதும்.

— என் வீட்டுக்காரருக்குச் சகாயம்னுதான் பேரு. அங்க போனதும் காளிச்சாமி மகன் இன்னாருன்னு புதுப் பேரு வச்சுக் கூப்பிடக் கூடாது.

— சின்னம்மா, நீங்க கம்பம்மெட்டுல பொறக்க வேண்டியவங்க. சரி, இவ்வளவுக்கும் நான் தலையாட்டிட்டேன். இப்ப எம் பக்கம். ஒண்ணே ஒண்ணுதான். வாங்க, எங்க சந்தை வளமைப்படி துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சு முடிச்சுக்கலாம்.

— ஏய், ஏய்! கோயில் ரூமுக்குள்ள பொம்பளைப்பிள்ளை கையைப் பிடிக்க வழி பாக்காரு பாரு மனுசன்!

— ஐயோ சாமி, வாயிலயே பேசிக்கறனுங்க. முதல் தீ எங்களுது. பூவாத்தாள் வலது அடுப்புல வெச்சு, கொழுந்து உட்டு எரிஞ்ச பொறகுதான் நீங்க இடதுல வெக்கோணும். மூத்த கொடிக்கு முதல் தீ. அதுல மட்டும் பேரமே கெடையாதுங்க.

— அதுல அம்புட்டு உறுதியா இருக்கீகளா?

— வேற எதுல வேணும்னாலும் கொறைச்சுக்குவேன். அது எங்க ஊட்டுக் கவுரதைங்க.

— சரி, பாப்போம்.

— பாப்போம்னா? ஆச்சுன்னு சொல்லுங்க.

— புஸ்தகத்துல பேரு வரட்டும். அதுக்கப்பறம் சொல்றேன்.

— நீங்க ரெண்டு பேரும் அடுப்புச் சண்டை போடுத நேரத்துல நான் முப்பது பக்கம் தள்ளியாச்சு. 'அந்தோணி, வீட்டுப்பேரு குண்டன். அன்னாள், வீட்டுப்பேரு கறுப்பி. செபமாலையம்மாள், வீட்டுப்பேரு பூச்சி.'

— இதென்னங்க, பேரெல்லாம் இந்த லட்சணத்துல இருக்குது?

— அதுவா? அந்தக் காலத்துல எழுத்துவேலை பாத்தவரு மலையாளத்துக்காரரு. அவுகளுக்கு ஆளுக்கொரு வீட்டுப்பேரு உண்டுலா? பரம்பரை வீட்டுக்குன்னு ஒரு பேரு. ஏறி வந்த நம்மாளுட்டயும் 'வீட்டுப்பேரு என்ன'ன்னு கேட்டிருக்காரு. நம்மாளுக்கு வீடே கெடையாது, அதுக்கு ஏது பேரு? வீட்ல கூப்பிடுத பேரைக் கேக்காருன்னு நெனச்சு அவனவன் வாயில வந்ததைச் சொல்லிட்டான். எங்க தாத்தா 'ஊமையன்'னு சொல்லித் தொலைச்சாரு. அவரு சின்னப்பிள்ளைல பேச லேட்டாயிருச்சாம். இன்னைக்கு வரைக்கும் ரெஜிஸ்டர்ல நான் ஊமையன் வீட்டு மத்தியாஸ்.

— ஊமையன் வீட்டுலதான் இப்பிடி ஒரு வாயி வந்து பொறந்திருக்கு.

— சிரி கத்தரீனா, சிரி. எங்க... பொறும். பொறும் அண்ணாச்சி! இந்தா இருக்கு. 'பழைய பேரு காளிச்சாமி.'

— படிங்க! சத்தமாப் படிங்க உபதேசியாரே!

— 'ஆயிரத்தித் தொள்ளாயிரத்திப் பதினொண்ணு. சூசையப்பன், பழைய பேரு காளிச்சாமி. ஊரு கொழிஞ்சாம்பாற. தகப்பன் மாடசாமி, தாய் செல்லாத்தாள்.'

— மாடசாமி! செல்லாத்தாள்! எங்கப்பாரைப் பெத்தவங்க பேருங்க அது! பாத்தீங்களா? பாத்தீங்களா சின்னம்மா? மாட்டைத்தான் கண்டுபிடிப்பான்னு சொன்னானே, அவனை இப்ப இந்த ரூமுக்குள்ள நிறுத்தோணும்! இன்னும் என்ன எழுதிருக்குது? ஒரு எழுத்து உடாதீங்க.

— 'வயசு இருபத்தாறு. வீட்டுப்பேரு பெரியவன்.' அம்புட்டுதான்.

— அந்தக் கடைசி வரியை இன்னொருக்காப் படிங்க.

— 'வீட்டுப்பேரு பெரியவன்.' ஏன், எழுத்து தெளிவாத்தான் இருக்கு. இவுகளை லயத்துலயும் பெரியவன் வீட்டுக்காரங்கன்னுதான் சொல்லுவோம். சூசையப்பன் ஆளு நல்ல ஒசரமா இருந்திருப்பாரு போல.

— எங்க மாமா குட்டைண்ணே. கூடையைத் தலையில மாட்டுனா ஆளே தெரியாது.

— அப்பிடியா? என்னமோ. அண்ணாச்சி, பேரு கெடைச்சாச்சுல்லா? சீட்டெழுதி முத்திரை குத்தித் தரட்டா? ஊர்ல காட்டணும்னீரே.

— எழுதுங்க. காளிச்சாமி, மாடசாமி மகன், கொழிஞ்சாம்பாறை. அது போதும். வீட்டுப்பேரெல்லாம் எதுக்குங்க.

— அதெப்படி? புஸ்தகத்துல உள்ளதை உள்ளபடியில்லா எழுதணும்?

— எங்காளுகளுக்கு அந்த மலையாள வளமையெல்லாம் புரியாதுங்க. வீணாக் கேள்வி கேப்பாங்க. உட்டுருங்க. உடுமலைப்பேட்டை பஸ்ஸுக்கு வேற நேரமாச்சு.

— பஸ்ஸு ரெண்டு மணிக்கு. இன்னும் பொழுது கெடக்கு. இம்புட்டு நேரம் வாய் ஓயாம இருந்தீகளே, இப்ப ஏன் அந்தத் துண்டைப் போட்டுத் திருகிறீக?

— ஒண்ணுமில்லீங்க சின்னம்மா. குளுருது.

— வேர்த்திருக்கு உங்களுக்கு.

— ஆமாவே, நெத்தியெல்லாம் முத்து முத்தா நிக்கி. என்ன அண்ணாச்சி, தண்ணி கிண்ணி வேணுமா?

— வேண்டாமுங்க. சித்த இருங்க. உபதேசியாரே, நான் கெட்ட சுழி மாட்டை நல்ல சுழின்னு சொல்லி வித்ததே கெடையாது. சரி, நாலஞ்சு தடவை வித்திருக்கறேன். ஆனா செத்துப் போனவங்களை வெச்சு யாவாரம் பண்ணுனதில்லை. இன்னைக்கு அதையும் பண்ணப் பாத்தேன். ஆகலை. வாயி வர மாட்டேங்குது.

— என்ன சொல்லுதீரு? வெளங்கும்படியாச் சொல்லும்.

— அண்ணன் தம்பி ரெண்டு பேருக்குமே காளிச்சாமின்னுதாங்க பேரு. காளியாத்தாளுக்கு நேந்து பொறந்தவங்க, அதனால ரெண்டுக்கும் சாமி பேரு. ஊட்டுல தனித்தனியாத் தெரியறதுக்கு ஒருத்தரு பெரியவன், ஒருத்தரு சின்னவன். உங்க எழுத்துக்காரரு வீட்டுப்பேரு கேட்டாரு. இவங்க மாமனாரு ஊட்டுல கூப்படற பேரைச் சொன்னாரு. பெரியவன்னு.

— மாதாவே! அப்ப மலைக்கு வந்தவரு...

— அண்ணன். ஊர்ல இருந்தவரு தம்பி. எங்கப்பாரு சின்னவரு.

— அப்ப உம்ம வீட்டுக்காரி பொங்குத அந்த வலது அடுப்பு?

— இவங்களுதுங்க. அண்ணன் தலை மறைஞ்சதும் எங்கப்பாரு போயி அவரு அடுப்புல குந்திக்கிட்டாரு. மூத்தவன் எடம், முதல் தீ, தலைக்கட்டு, அம்புட்டையும் சத்தமில்லாம எடுத்துக்கிட்டாரு. அது தெரியாம நான் இங்க வந்து இவங்ககிட்டயே, முதல் தீ எனக்கு, பேரம் இல்லைன்னு... சின்னம்மான்னு கூப்பிட்டதும் தப்புங்க. நீங்க எனக்குப் பெரியம்மா. மன்னிச்சுப்போடுங்க.

— உங்க தாத்தாவைத் திட்டாதீக. எனக்கு இது முன்னமே தெரியும்.

— தெரியுங்களா? தெரிஞ்சேவா இத்தனை நேரம் பேரம் பேசுனீங்க?

— பேரம் எங்க போயி நிக்கிதுன்னு பாத்தேன். அந்த வரியை மறைச்சுச் சீட்டு வாங்கிருந்தீகன்னா, எந்திரிச்சு லயத்தைப் பாக்கப் போயிருப்பேன். ஒங்களுக்கும் எங்களுக்கும் அதோட முடிஞ்சிருக்கும்.

— போயிருந்தாலும் ஞாயந்தானுங்க. சரி, எம் பொழப்பு எப்படியோ போகுது. நீங்களும் சின்னய்யனும்... பெரியய்யனும் மாசிக்கு வாங்க. வலது அடுப்பு உங்களுது, உக்காருங்க. பூவாத்தாளைக் கூட்டிக்கிட்டு நான் ஒதுங்கிக்கறேன். திருடுன அடுப்புல இனி எங்க ஊட்டுக் கையி படாது.

— இப்பத் திருடுனதுன்னே சொல்லிட்டீகளே! எங்க மாமா கடைசியாப் படுத்திருந்தப்ப இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருந்தாக. மலைக்குக் கெளம்புன அன்னைக்கு, கல்யாணமான தம்பிக்கு நெலம் இருக்கட்டும்னு விட்டுட்டு, அவரு கையைப் பிடிச்சு, 'நான் வர்ற வரைக்கும் என் அடுப்பு அணையாமப் பாத்துக்கடா'ன்னு கேட்டாகளாம். அப்பறம் என்ன ஆச்சுன்னு மாமாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னைக்கு நீங்க சொல்லித்தான் தெரியுது.

— நான் சொல்லியா? நான் என்னங்க சொன்னேன்?

— ஒரு கொடிக்கு ஒரே அடுப்பு, ஒண்ணைத் தொட்ட கை இன்னொண்ணைத் தொடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக? அண்ணன் அடுப்பை எரிய விடணும்னா உங்க தாத்தா தன் அடுப்பைக் குளுர விடணும், விட்டுட்டாரு. அந்த இடப்பக்கத்து அடுப்பு உங்களது. பூவாத்தாள் இத்தனை வருசம் வலதுல வச்சது எங்களுக்காக வச்ச தீ, அது அவ கைக் கணக்குல வராது. ஊருக்குப் போனதும் பூவாத்தாள் கையில தீப்பெட்டியைக் குடுங்க, வலது அடுப்புக்கு நான் வாரேன்.